சிக்கனமாய் ஒரு மின்சார ஸ்கேட் போர்டு: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுப்பா, கம்பெனிக் கதை மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே, விடுதித் தம்பிகள் காலையில் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். "அண்ணா, கையிலே காசு குறைச்சல். மின்சார ஸ்கேட் போர்டு நாங்களே செய்யணும். எந்த மோட்டார், எந்த பேட்டரி வாங்கலாம்?"

விளம்பரத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். 'கேவி' என்ற எண்ணைப் பாருங்கள். கிலோவோல்ட் என்று நினைத்துவிட வேண்டாம். சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் எத்தனை சுற்று என்பதே அது. 170 கேவி பிரஷ்லெஸ் மோட்டாருக்கு 21.6 வோல்ட் கொடுத்தால் சுமார் 3,670 சுற்று. மோட்டாரில் 15 பல் புல்லி, சக்கரத்தில் 36 பல் புல்லி என்றால் சக்கரம் 1,530 தடவை சுற்றும். 90 மி.மீ. சக்கரத்துக்கு அது மணிக்கு 26 கிலோமீட்டர். ஆள் ஏறினால் இன்னும் குறையும். வளாகத்துக்குள் சுற்ற இது தாராளம்.

முதல் மிச்சம் இங்கேதான். 36 வோல்ட்டுக்குப் பத்து வரிசை செல் வேண்டும், 21.6 வோல்ட்டுக்கு ஆறு போதும். வரிசைக்கு மூன்று செல் இணையாகக் கோர்த்தால் 30 செல்லுக்குப் பதில் 18 செல்லில் வேலை முடிந்தது. 2.5 ஆம்பியர்-மணி செல் என்றால் மொத்தம் 162 வாட்-மணி. கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி செலவாகும் என்று வைத்தாலும், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரை நம்பலாம்.

இரண்டாவது மிச்சம், ஒரே மோட்டார். சென்சார் இல்லாததே போதும். நின்ற இடத்தில் கிளம்பும்போது கொஞ்சம் திக்கும். காலால் ஓர் உந்து உந்திவிட்டுப் பிறகு விசையைக் கொடுங்கள். கன்ட்ரோலருக்கு சுவீடன் பொறியாளர் பெஞ்சமின் வெட்டர் தம் 'வெஸ்க்' வடிவமைப்பை ஊருக்கெல்லாம் திறந்துவைத்திருக்கிறார். பலகையை பிளைவுட் ஒட்டி நீங்களே செய்துகொள்ளலாம்.

இனி, மிச்சம் பிடிக்கவே கூடாத இடம். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து செல் எடுக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் பலகையுமாக 80 கிலோ. நூற்றுக்கு ஐந்து மேட்டில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்க மட்டுமே 163 வாட். உருளும் தடையும் இழப்பும் சேர்ந்தால் 300 வாட்டைத் தொடும். அதாவது சுமார் 14 ஆம்பியர். செல்லுக்கு ஏறக்குறைய 5. கிளம்பும்போது அதைப்போல் இரண்டு மடங்கும் ஆகலாம். மெதுவாக மின்சாரம் கொடுக்கவென்று செய்த, வயதான செல் இதைத் தாங்காது. சூடேறும், தீப்பிடிக்கலாம். அதிக ஆம்பியர் தரும் புது செல்லையே வாங்குங்கள். எல்லாம் ஒரே ரகமாக இருக்கட்டும்.

பிரேக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். முழுசாய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு நேரே இறக்கத்தில் போனால், பேட்டரியில் இடமிருக்காது. அந்த மின்சாரம் பி.எம்.எஸ். வழியாகப் போகும்படி இணைத்திருந்தால், அது இணைப்பைத் துண்டித்துவிடலாம். பிரேக் போச்சு! எனவே பத்தில் ஒன்பது பங்கோடு சார்ஜை நிறுத்துங்கள். ஹெல்மெட் இல்லாமல் ஏறவே வேண்டாம்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். தடை போட்டால் இந்தப் பிள்ளைகள் கட்டிலுக்கு அடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றுவார்கள். விடுதியே உறங்கும் வேளையில் அது தீப்பிடித்தால்? ஆய்வகத்தில் ஒரு மேஜையும், பக்கத்தில் ஒரு வாளி மணலும், கண்காணிக்க ஒருவரும் கொடுங்கள். முன்னாள் மாணவர்களாகிய நாம் அந்த 18 புது செல்லுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம். என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன்.