ஆயிரம் தூரிகைகள்



ஆசிரியப் பணியிலே என் வாழ்நாளைக் கழித்தவன் நான். கையெழுத்துச் செம்மையில்லாத பிள்ளைகளைக் கடிந்துகொண்டதுண்டு. அழகிய எழுத்துச் சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது என்று அந்நாளில் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றிய கொரிய அறிஞர் ஒருவரைப் பற்றி இன்று கூற விழைகின்றேன்.

அவர் பெயர் கிம் ஜொங்-ஹி. சூசா என்பது புனைபெயர். 1786ஆம் ஆண்டில் உயர்குடியில் பிறந்தவர். 1809இல், தூதுக்குழுவில் இடம்பெற்ற தந்தையாருடன் பீக்கிங் நகருக்குப் புறப்பட்டார். அங்கே வெங் ஃபாங்காங், ருவான் யுவான் என்னும் பேரறிஞர்களின் நட்பைப் பெற்றார். சான்றின்றி எதனையும் ஏற்கலாகாது என்னும் நெறி அவருள்ளத்தில் வேரூன்றியது. 1816இல் சியோலை அடுத்த புக்கான் மலைமீதேறி, சிதைந்த கல்வெட்டொன்றை ஆராய்ந்தார். துறவி ஒருவரோடு தொடர்புடையதென மக்கள் நம்பிவந்த அக்கல், ஆறாம் நூற்றாண்டில் சில்லா நாட்டையாண்ட சின்ஹங் மன்னருடையது என்று நிறுவினார்.

1819இல் அரசுத் தேர்வில் வென்று உயர்பதவிகள் வகித்தார். ஆயினும், அரசவைக் கட்சிப் பூசல் அவரை விடவில்லை. 1840இல் ஜேஜூ தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். முள்வேலி சூழ்ந்த வீட்டில் எட்டாண்டுக்கு மேல் சிறையிருப்பு! 1842இல் மனைவியார் மறைந்தபோதும் அவர் முகம் காண இயலவில்லை.

பதவி போயிற்று, பழகியவர் பலர் விலகினர். யி சாங்-ஜோக் என்னும் மாணவர் மட்டும் விலகவில்லை. மொழிபெயர்ப்பாளராகச் சீனம் சென்றுவந்த அவர், அரிய நூல்களைத் தேடித் தம் ஆசானுக்கு அனுப்பினார். அந்நூல்களை அதிகாரமுடையோர்க்கு அளித்திருந்தால் ஆதாயம் கிட்டியிருக்கும். நன்றி பெருகிய ஆசான், 1844இல் ஓர் ஓவியம் தீட்டித் தந்தார். எளிய குடில் ஒன்று; முதிய மரங்கள் நான்கு; வேறொன்றுமில்லை. குளிர் வந்தபின்பும் பசுமை மாறாத மரமே மெய்யன்பு என்பது அதன் பொருள். மாணவர் அதனைப் பீக்கிங்குக்குக் கொண்டுசெல்ல, சீன அறிஞர் 16 பேர் அதற்குப் பாராட்டுரை எழுதினர். செஹாந்தோ எனப்படும் அவ்வோவியம் 2020இல் கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வழங்கப்பட்டது.

சூசாவின் தனித்த எழுத்து நடை முதிர்ந்ததும் அத்தீவிலேதான் என்பர். 1856இல் மறைந்த அவர், முதுமையில் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில், தம் வாழ்நாளில் மையரைக்கும் கற்கள் பத்து தேய்ந்து ஓட்டையானதையும், தூரிகைகள் ஆயிரம் மழுங்கியதையும் குறிப்பிடுகின்றார்.

அதைப் படித்த அன்று, நான் கடிந்த பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன. அவர்கள் கையில் ஒரு தூரிகையேனும் தேயும்வரை நான் பொறுத்திருந்தேனா? இல்லை. ஆசிரியராகப் போகும் இளைஞரே, நீங்களேனும் பொறுத்திருங்கள்.