நீலகேசி என்றொரு பெயர்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் “காப்பியங்களில் அறம்” என்னும் பொருளிற் பேசப் பணித்தார்கள். அப்பொருளில் இம்மேடையில் முன்னரே பலர் பேசியிருக்கிறார்கள். ஆகவே அவர்தம் அனுமதியோடு அதனைச் சுருக்கிக்கொண்டு ஒரே ஒரு பெயரைப் பற்றிப் பேச விழைகிறேன். அது ஒரு பெண்ணின் பெயர். நம் வீடுகளில் எவரும் சூட்டாத பெயர்.

பள்ளியில் நான் பணியாற்றிய முப்பத்து மூன்று ஆண்டுகளில் வருகைப் பதிவேட்டில் எத்தனையோ பெயர்களைக் கூப்பிட்டிருக்கிறேன். கண்ணகிகள் இருந்தார்கள். மணிமேகலைகள் ஒரே வகுப்பில் இருவர்கூட இருந்ததுண்டு. நம் குலப் பெண்களிலே பத்மாவதி, ஜினமதி, அனந்தமதி, விசயை எனப் பலர். நீலகேசி என்று ஒருத்தியையும் நான் கூப்பிட்டதில்லை.

பொருளில் ஏதேனும் குறையுண்டோ என்று பார்ப்போம். கேசம் என்றால் கூந்தல். கேசி, கூந்தலை உடையவள். நீலம் என்பது பழந்தமிழ் வழக்கில் கருமையையும் குறிக்கும். எனவே கரிய கூந்தலாள் என்பதற்கு மேல் இப்பெயரில் ஒன்றுமில்லை. நீலவேணி என்பதற்கும் ஏறத்தாழ அதே பொருள்தான். வேணி என்பது பின்னல். நீலவேணிகள் நம்மூரிலேயே மூவர் இருக்கிறார்கள்! கல்கியின் நாவல் வந்தபின் பூங்குழலிகளும் பெருகினார்கள். குழலும் வேணியும் இனிக்க, கேசி மட்டும் கசந்தது எதனால்?

பழையனூர் நீலிதான் அதற்குக் காரணம். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரிலே, வணிகன் ஒருவனுக்கு மனைவி போல வேடங்கொண்டு, குழந்தையும் கையுமாக வந்து அழுது, ஊர்ப் பெரியவர்களை நம்பச் செய்து அவன் உயிரைக் கவர்ந்த பேய் மகளின் கதை நாடறிந்தது. பிணை நின்ற வேளாளர் எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்ந்தனர் என்பர். அந்த அழுகையே “நீலிக் கண்ணீர்” என்று நம் நாவில் நின்றுவிட்டது. நீலகேசிக் காப்பியத் தலைவியும் பழையனூரைச் சேர்ந்த பேய் மகளே. ஊர் ஒன்று, பெயரின் முதற்பாதியும் ஒன்று என்றால் மக்கள் இருவரையும் ஒருவராகவே எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் வேளாளரை வஞ்சித்த நீலியின் கதை அவள் பழி முடித்ததோடு நின்றுவிடுகிறது. நம் நீலகேசிக்கோ பேயாயிருந்தது வரலாற்றின் தொடக்கம் மட்டுமே.

அவ்வரலாற்றை இளையோர்க்காகச் சற்றே விரித்துரைக்கிறேன். புண்டவர்த்தனம் என்னும் நகரின் புறத்தே சுடுகாட்டில் ஒரு காளி கோயில். மகப்பேறு வாய்த்த மகிழ்ச்சியில் அக்காளிக்குப் பலியிட உயிர்களைக் கொண்டுவந்தவர்களிடம், அங்குத் தவமியற்றிய முனிச்சந்திரர், மண்ணால் உருவம் செய்து வைத்தாலே போதும் என்று எடுத்துரைத்தார். அவர்களும் இசைந்தார்கள். பலி இழந்த தெய்வத்தால் முனிவரை அசைக்க இயலவில்லை. தென்னாட்டிலிருந்து நீலகேசியைத் துணைக்கு அழைத்தது. அவள் வந்தாள், கோர உருக்காட்டி அச்சுறுத்தினாள், பலிக்கவில்லை. அரசிளங்குமரியின் வடிவெடுத்து மயக்கப் பார்த்தாள், அதுவும் பலிக்கவில்லை. முனிவர் அவளை விரட்டவுமில்லை, சபிக்கவுமில்லை என்பதை நீங்கள் கருத்திற் கொள்ளவேண்டும். வேப்பிலையில்லை, உடுக்கையில்லை. அவர் பேசினார், அவள் கேட்டாள். கேட்டபின், “இதற்குக் கைம்மாறாக யான் செய்யத்தக்கது யாது?” என்பதே அவள் கேள்வி. அறத்தை எங்கும் பரப்புக என்பதே அவர் விடை.

அதன்பின் அவள் நாடெங்கும் நடந்து வாதிடுகிறாள். குண்டலகேசி, அருக்கச்சந்திரன், மொக்கலன், புத்தர் என்று பௌத்தத் தரப்பினர் ஒருபுறம். ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என மற்றொருபுறம். பத்துச் சருக்கம், 894 பாடல்கள். இந்நூலுக்கு நீலகேசித் தெருட்டு என்றும் ஒரு பெயருண்டு. தெருட்டுதலாவது தெளிவித்தல். ஐஞ்சிறு காப்பியங்கள் ஐந்துமே சமணர் யாத்தவை. அவற்றுள் தலைவி தன் அறிவினால் மட்டுமே காப்பியத்தை நடத்திச் செல்வது இது ஒன்றில்தான் என்பது என் கருத்து. திருமணமில்லை, போரில்லை. சுவை குறைவு என்று சொல்வாருண்டு. தருக்கத்தில் சுவை காணாதவர்களுக்குக் குறைவுதான்!

இங்கு ஒரு செய்தியைக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. குண்டலகேசி என்பதற்குச் சுருண்ட கூந்தலாள் என்று பொருள். பாலி மொழி வரலாற்றின்படி அவள் முதலில் நிகண்ட சமயத்தில், அதாவது நம் சமயத்தில், துறவு பூண்டவள். துறவு பூண்டபோது தலைமயிரைப் பறித்துக் களைந்தார்கள்; அது மீண்டும் முளைத்தபோது சுருள் சுருளாக வளர்ந்தமையால் இப்பெயர் வந்தது என்கிறார்கள். கேசலோஞ்சம் இன்றளவும் நம் துறவியர் மேற்கொள்ளும் நோன்பல்லவா! பின்னர் அவள் பௌத்தத்திற்குச் சென்றாள். அப்பெயரில் எழுந்த காப்பியத்திற்கு விடையாக எழுந்ததே நீலகேசி. பழைய உரைகளிலே பிங்கலகேசி, அஞ்சனகேசி, காலகேசி என்னும் நூற்பெயர்களும் வருகின்றன. அந்நூல்கள் இன்று நம்மிடம் இல்லை. குண்டலகேசியிலும் 19 பாடல்களே தனியே தொகுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய செய்திகளை அறியப் பெரிதும் உதவுவது அதனை மறுத்த நீலகேசியும் அதன் உரையுமே. எதிரியின் கூற்றை முழுதாகச் சொல்லிய பின்னரே மறுக்கவேண்டும் என்னும் ஒழுங்கினால் விளைந்த நன்மை இது.

அவ்வுரை சமயதிவாகர வாமன முனிவர் இயற்றியது. மூலத்தையும் உரையையும் ஆங்கில முன்னுரையோடு 1936இல் அச்சேற்றியவர் நம்மவராகிய பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். பின்னாளில் பெருமழைப் புலவர் பொ. வே. சோமசுந்தரனார் உரை எழுத, சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அதனை வெளியிட்டது. தமிழின் பொருட்டுச் சைவர்கள் செய்த இவ்வுதவியை நாம் மறத்தலாகாது.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். நான் பிறந்தபோது என் தந்தையார் எனக்கு இப்பெயரையே சூட்ட விரும்பினாராம். அவர் அந்த 1936ஆம் ஆண்டுப் பதிப்பைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தவர். பாட்டியார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: “நீலி கீலி என்று பேர் வைத்தால் எவன் வந்து கட்டுவான்?” எனக்கு வேறு பெயர் அமைந்தது. முதுகலை பயின்றபோது நூலைப் படித்தேன். பாட்டியார்மீது சினமும் கொண்டேன். எனினும் எனக்கு மகள் பிறந்தபோது அப்பெயரை நானும் வாய்திறந்து சொல்லவில்லை.

அதைவிட நாணத்தக்க ஒன்றுண்டு. பணியில் சேர்ந்த புதிதில், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து அழுத ஒரு மாணவியை, “நீலிக் கண்ணீர் வடிக்காதே” என்று கடிந்துகொண்டேன். முந்தைய இரவு அவள் தாயாரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள் என்பது மதிய இடைவேளையில்தான் எனக்குத் தெரிந்தது. நீலகேசியைப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தகுதி பெற்றவள் நான். என் வாயிலும் அந்தப் பழைய நீலிதான் குடியிருந்தாள். அன்றுமுதல் அத்தொடரை நான் வழங்குவதில்லை.

சென்ற ஆண்டு என் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. “தாத்தா விரும்பிய பெயரையே வைத்துவிடலாமா அம்மா?” என்று அவளே கேட்டாள். மகிழ்ந்திருக்க வேண்டியவள் அஞ்சினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் எப்படிக் கேலி செய்வார்கள் என்பதை அறிந்தவள் நான். “நீலவேணி என்று வைத்துவிடேன், பொருள் ஒன்றுதானே” என்று சமாதானம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, “பொருள் ஒன்றுதான். ஆனால் வேணி யாரையாவது வாதில் வென்றாளா?” என்றாள். தமிழ் முதுகலை பட்டம் பெற்ற எனக்கு விடை கிடைக்கவில்லை. கணிப்பொறி படித்தவள் அவள்!

சம்பந்தியம்மாள் என்ன சொல்வாரோ என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, அவரோ கதையைக் கேட்டார். முழுவதும் சொன்னேன். பூதவாதியிடம் நீலகேசி தன் பழைய பேயுருவையே காட்டி, பேய் இல்லை என்றவனைத் தெருட்டும் இடம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. “பழசை மறைக்காமல் அதையே சான்றாகக் காட்டினாளா, கெட்டிக்காரிதான்” என்றார்.

குழந்தையை ஜினாலயத்திற்கு எடுத்துச் சென்று, பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் செவியில் ஓதியபின், அப்பெயரையே மும்முறை சொன்னோம். பிறப்புப் பதிவேட்டிலும் அதுவே எழுதப்பட்டது. எழுதிய அலுவலர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, எழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டார், வேறொன்றும் கேட்கவில்லை. சம்பந்தியம்மாள் இப்போது “கேசி, கேசி” என்றே கூப்பிடுகிறார். அவளுக்குத் தலையில் இன்னும் முடி சரியாக வளரவில்லை. அதோ, மூன்றாம் வரிசையில் தன் தாயின் மடியிலிருந்து என்னை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் செல்ல எனக்கு விடை தாருங்கள்.