எந்த நிலக்கரி அலகை மூடப் போகிறீர்கள்?



அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பவர்கள், ராத்திரி எட்டு மணிக்கு நம் வீட்டு விளக்கு எதனால் எரிகிறது என்பதை முதலில் கேட்கட்டும். சூரியத் தகடுகள் அந்நேரம் அடங்கிவிட்டன. ஆடி மாதம் முப்பந்தலில் காற்றாலைகள் சுழன்று தள்ளும். ஐப்பசி பிறந்தால் காற்றும் விழுந்துவிடும், வானமும் மூடிக்கொள்ளும். மீதியைச் சுமப்பது நிலக்கரி. இந்தியாவின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரி, அணுசக்தி 3 சதவீதம்தான். பேட்டரி வந்துவிடும் என்கிறார்கள். வரட்டும், வரவேற்போம். ஆனால் இன்றைய பேட்டரிகள் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். வாரக்கணக்கில் அடைத்துப் பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்கு அவை விடை அல்ல.

நிலக்கரியின் விலையை எண்ணூருக்குப் போய்ப் பாருங்கள். வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்கள் பல ஆண்டுகளாக உடைந்து ஒழுகியதில், கொசஸ்தலையாற்றுப் படுகையில் சாம்பல் படிந்து கிடக்கிறது. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் மக்கள் அந்த ஆற்றில் கை விட்டால், விரலிடுக்கில் வழிவது சிமெண்டுக் கரைசல் போன்ற சாம்பல். 1,000 மெகாவாட் அனல் நிலையம் ஓராண்டில் சுமார் 50 லட்சம் டன் நிலக்கரி தின்கிறது. நம் நாட்டு நிலக்கரி என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதே திறனுள்ள அணு உலையில் ஆண்டுக்கு மிஞ்சும் எரிபொருள் சுமார் 25 டன். அது கொடிய பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணி, பூட்டி, காவல் வைக்கக்கூடிய அளவு அது. சாம்பலுக்கும் கரும்புகைக்கும் யார் பூட்டுப் போட்டார்கள்?

புகுஷிமாவை மறக்கச் சொல்கிறாயா என்பீர்கள். மறக்கவே கூடாது. 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை அங்கே டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. உலையைக் குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் போனது. அது மனிதர் விளைவித்த பேரிடர் என்று ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழுவே சொன்னது. 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்திலும் கடல் ஏறியது, பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாவிட்டாலும் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு உண்டு. ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வழி தெரியும் என்பதே பொருள்.

செலவும் தாமதமும் வலுவான ஆட்சேபம்தான். கூடங்குளத்துக்கு 1988-ல் ஒப்பந்தம். முதல் மின்சாரம் 2013-ல். கல்பாக்கத்து ஈனுலைக்கு 2004-ல் பணி தொடங்கி, உலையின் மையப்பகுதியை நிரப்பத் தொடங்கவே 2024 ஆயிற்று. ஆனால் ஒரே வடிவமைப்பைத் திரும்பத் திரும்பக் கட்டும்போதுதான் கை பழகும், காலம் குறையும். பிரான்ஸ் 1974-க்குப் பின் அப்படித்தான் கட்டியது. இன்று அதன் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அணு உலைகள் தருகின்றன.

ஆனால் ஒன்றை அரசின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கூடங்குளம் உலையைப் பற்றி இடிந்தகரையில் கேள்வி கேட்ட மீனவர்கள் மீது தேசத்துரோக வழக்குப் போட்டது வெட்கக்கேடு. பதில் சொல்லத் தெரியாதவன்தான் வழக்குப் போடுவான். கழிவை நிரந்தரமாக எங்கே புதைப்பது என்பதற்கு இன்றுவரை இடம் குறிக்கவில்லை. அதைக் கேட்க அந்த மக்களுக்கு முழு உரிமை உண்டு. அதோடு நாமும் ஒரு கோரிக்கை வைப்போம். 2047-க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரம் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்லது. புதிய அணு உலை ஒவ்வொன்றுக்கும் அடிக்கல் நாட்டும்போதே, அதற்கு ஈடாக மூடப்படும் நிலக்கரி அலகின் பெயரையும் மூடும் தேதியையும் அதே அரசாணையில் எழுதுங்கள். முதல் பெயர் எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரட்டும்!