சேய்மைச் சுட்டும் கேட்பவர் இடமும்



சியோல் நகரின் குவாங்ஹ்வாமுன் வாயிலுக்கு முன் நிற்கும் வழிப்போக்கர் ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளலாம். எதிரே 1395இல் எழுந்த கியோங்போக் அரண்மனை. அதன் கூரைகளுக்கு மேலாக, வடக்கே, புகாக் மலை தெரிகிறது. உயரம் 342 மீட்டர்தான். ஆயினும் அரண்மனைக்குப் பின்னால் நிற்பதால் நகரையே தாங்கி நிற்பது போன்ற தோற்றம். வழிப்போக்கருக்கு அதன் பெயர் தெரியாது. அருகில் நிற்கும் முதியவரிடம் கேட்க வேண்டும். கொரிய மொழியின் தொடக்கப் பாடநூல் இதற்கென்றே ஒரு வாக்கியத்தைக் கற்றுத் தருகிறது: "ஜொகொசுன் முஒசிம்னிக்கா?" தமிழில் சொன்னால், "அது என்ன?" என்பதற்குமேல் எதுவும் இல்லை. ஆனால் தமிழின் இரண்டு சொற்களுக்குள் அடங்காத சிலவற்றை அந்த வாக்கியம் தன்னுள் வைத்திருக்கிறது. இவ்வுரை அவற்றைப் பற்றியது.

முதலில் வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம். 'ஜொ' என்பது சுட்டு. 'கொத்' என்றால் பொருள், வஸ்து. 'உன்' எடுத்துரைக்கப்படுவதைக் காட்டும் இடைச்சொல். 'முஒத்' என்றால் என்ன. கடைசியில் வரும் 'இம்னிக்கா' வினாவையும் பணிவையும் ஒருங்கே சுமக்கும் முடிபு. சொற்கள் நிற்கும் வரிசை தமிழ் வரிசையே. மெல்லின வல்லின ஒலிப்பிலும் ஓர் ஒற்றுமை உண்டு: சொல்லின் முதலில் வன்மையாக ஒலிக்கும் எழுத்து, உயிர்களுக்கு இடையே வருகையில் மென்மை பெறும். 'கொத்' தனித்து நிற்கையில் வல்லொலி; 'ஜொகொசுன்' என்னும்போது அதே ககரம் குழைந்துவிடுகிறது. படம் என்பதன் பகரமும் அபயம் என்பதன் பகரமும் வேறாக ஒலிப்பதை அறிந்த தமிழருக்கு இதில் வியப்பில்லை.

இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு மயங்கியவர்கள் உண்டு. அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905இல் ஒரு நூலே வெளியிட்டார். 'அப்பா' என்ற சொல் இரு மொழியிலும் உண்டு என்பதைக் காட்டி உறவு கொண்டாடும் மேடைப் பேச்சுகள் இன்றும் கேட்கின்றன. மொழிநூலார் அவ்வுறவை ஏற்றுக்கொள்ளவில்லை. உறவு இல்லாமலே இரண்டு மொழிகள் ஒரே சிக்கலுக்கு ஒரே வழியைக் கண்டிருக்கின்றன என்பதுதான், உறவைக் காட்டிலும் சிந்திக்கத் தக்கது.

அந்த வழி, சுட்டு மூன்றாதல். கொரியத்தில் 'இ', 'கு', 'ஜொ' எனச் சுட்டுகள் மூன்று. பேசுபவருக்கு அண்மையில் உள்ளது 'இகொத்'. கேட்பவருக்கு அண்மையில் உள்ளது 'குகொத்'. இருவருக்கும் தொலைவில், ஆனால் இருவர் கண்ணிலும் படும்படி இருப்பது 'ஜொகொத்'. பதினைந்தாம் நூற்றாண்டில், 1446இல் கொரிய எழுத்து வெளியிடப்பட்ட காலத்து நூல்களில், மூன்றாவது சுட்டு 'த்யொ' என்ற வடிவில் காணப்படுகிறது. வடிவம் மாறியது; மூன்று என்ற கணக்கு மாறவில்லை.

தொல்காப்பியர் அ, இ, உ ஆகிய மூன்றையும் சுட்டு என்றார். அவன், இவன், உவன். அது, இது, உது. திருக்குறளின் காமத்துப்பாலில், பிரிந்து செல்லும் காதலனைக் காட்டும் தலைவி 'உவக்காண்' என்கிறாள். தன் மேனியில் படரும் பசலையைக் காட்டி 'இவக்காண்' என்கிறாள். போய்விட்டான், ஆனால் பார்வையிலிருந்து இன்னும் மறையவில்லை என்ற அந்தச் சிறு இடைவெளியை உகரம் பிடித்து வைத்திருக்கிறது. தமிழகத்துப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தில் ஒழியவில்லை. கையில் எதையோ பொத்தி வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து "உதென்ன?" என்று அங்கே ஒரு தாய் கேட்பாள். அதுவே கொரியத்தின் 'குகொத்'. ஈழத்தவரின் அயல்மொழியான சிங்களமோ சுட்டை நான்காக வகுத்திருக்கிறது: பேசுபவர் அருகில் 'மே', கேட்பவர் அருகில் 'ஒய', கண்ணெதிரே தொலைவில் 'அர', முன்னரே பேசப்பட்டதற்கு 'ஏ'.

இரண்டு சுட்டுகள் மட்டும் உள்ள மொழியில் பேசுபவரே நடுப்புள்ளி. தம்மிடம் உள்ளது இது. தம்மிடம் இல்லாதது அது. கேட்பவரின் கையில் இருந்தாலும் மலைக்கு அப்பால் இருந்தாலும் ஒன்றே. மூன்று சுட்டுகள் உள்ள மொழியில் கேட்பவருக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. 'கு' என்றால், இது உம்முடைய எல்லைக்குள் உள்ளது. 'ஜொ' என்றால், நீரும் கேட்பவரும் ஒரே பக்கம் நின்று அப்பால் உள்ளதைப் பார்க்கிறீர்கள். எனவேதான், முதியவர் தம் கையில் பிடித்திருக்கும் விசிறியைக் காட்டி, எத்தனை பணிவான முடிபோடு 'ஜொகொசுன்' என்று கேட்டாலும் அது பொருந்தாது. விசிறியை அவர் கையிலிருந்து எடுத்து எங்கோ வைத்துவிட்டது போல ஆகிவிடும். மரியாதை வாக்கியத்தின் முடிவில் தொடங்குவதாக இலக்கண நூல்கள் சொல்லும். உண்மையில் அது முதல் அசையிலேயே தொடங்கிவிடுகிறது.

முடிபுகளின் கதை தனி. பேச்சின் மரியாதைப் படிகளை ஆறு என்பது இலக்கணிகளின் மரபான கணக்கு. அவற்றுள் இடைப்பட்ட இரண்டு இன்று பேச்சில் அருகி, சரித்திர நாடகங்களில்தான் பெரிதும் கேட்கக் கிடைக்கின்றன. செய்தி வாசிப்பு, படைமுகாம், முறையான கூட்டம், முதற்சந்திப்பு ஆகியவற்றுக்கு 'இம்னிக்கா'. கடையிலும் தெருவிலும் "ஜொகொன் ம்வொயேயோ?" என்ற இளகிய பணிவு. தோழர்களுக்குள் "ஜொகே ம்வொயா?" போதும். இம்மூன்றிலும் சுட்டப்படும் மலை அதே மலை. 'ஜொ' என்ற சுட்டும் மாறவில்லை. மாறுவதெல்லாம் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே.

ஆளைச் சுட்டுகையில்தான் தமிழும் கொரியமும் பிரிகின்றன. தமிழில் மரியாதை சுட்டுப்பெயரின் உடலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது: அவன், அவர். கொரியச் சுட்டுக்கு உயர்வு தாழ்வு கிடையாது. 'ஜொ' யாரையும் சுட்டும். பின்னால் வரும் பெயரே தரத்தைச் சொல்லும். 'ஜொ புன்' என்றால் அந்தப் பெரியவர், 'ஜொ சராம்' என்றால் அந்த ஆள், 'ஜொ நொம்' என்றால் வசை. தொலைவில் நிற்கும் பெரியவரைப் பற்றி வினவ, "ஜொ புனுன் நுகுசிம்னிக்கா?" என்பார்கள். இதில் இடையே நுழைந்த 'சி' பேசப்படுபவருக்கான மரியாதை. கடைசி முடிபு கேட்பவருக்கான மரியாதை. ஒரே வினாவில் இரண்டு வணக்கங்கள், இரண்டு திசைகளில்.

இந்த 'சி' மலைக்கு உரியதன்று, நாற்காலிக்கும் உரியதன்று. ஆனால் அண்மைக் காலத்தில் காப்பிக் கடைகளிலும் பல்பொருள் அங்காடிகளிலும் பணிபுரிவோர், வாடிக்கையாளரிடம் காப்பியையே உயர்த்தி, 'காப்பி எழுந்தருளியுள்ளது' என்னும் தோரணையில் பேசத் தலைப்பட்டனர். தேசிய கொரிய மொழி நிறுவனம் இது பிழை என்று சொல்லிவிட்டது. பிழைதான். ஆயினும் அப்பிழையைச் செய்யும் இளைஞரைப் பழிப்பது எளிது. எதிரே நிற்பவரின் முகம் சுளிக்குமோ என்ற அச்சத்தில்தான் அவர் கோப்பையையும் வணங்குகிறார். மரியாதை பொருளின்மேல் வழிந்தோடுமளவுக்கு அவரை நெருக்கியது எது என்ற கேள்வி இலக்கணத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

தொலைவே மரியாதையாகும் இடமும் உண்டு. உணவகத்தில் பணியாளரை அழைக்கவும், தெருவில் அறியாதவரை நிறுத்தி வழி கேட்கவும் கொரியர் "ஜொகியோ" என்பர். 'ஜொகி' என்றால் அதோ அங்கே, 'யோ' பணிவு. முன்பின் அறியாதவரை நீ, நீங்கள் என்று முன்னிலையில் தொடுவது அங்கே நாகரிகமன்று. ஆகவே அவரைத் தொடாமல், அவர் நிற்கும் இடத்தை மட்டும் மெல்லச் சுட்டிக் காற்றில் விடுகிறார்கள். ஆளைக் காட்டும்போது விரல் நீட்டாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டுவதும் இதே பண்பின் பாற்பட்டது.

இனி, காணாத பொருள். இருவர் கண்ணுக்கும் எட்டாத ஒன்றைச் சுட்ட 'ஜொ' உதவாது. நேற்றுப் படித்த நூல், இறந்துபோன நண்பர், இடிந்துபோன வீடு ஆகியவை பேச்சில் வரும்போது 'கு'தான் வரும். கேட்பவர் கையில் உள்ளதைச் சுட்டும் அதே சுட்டு, இருவர் நினைவில் உள்ளதையும் சுட்டுகிறது. நினைவு, கேட்பவரின் பக்கத்தில் வைக்கப்பட்ட பொருள் போலும்.

நவீன உரைநடை பிறந்தபோது இச்சுட்டு ஒரு பெரிய பணியை ஏற்றது. 1919இல் 'சாங்ஜோ' என்னும் இதழைத் தொடங்கியோரில் ஒருவரான கிம் தோங்-இன், கதைமாந்தரைக் குறிக்கும் படர்க்கைப் பெயராக 'கு' என்பதை நிலைநிறுத்தியவர் தாமே என்று பின்னாளில் எழுதிக்கொண்டார். அவ்வுரிமையில் தற்பெருமை கலந்திருக்கலாம். பழைய நூல்களில் 'த்யொ'வும் அவ்விடத்தில் வழங்கியதுண்டு. இரண்டில் 'கு' வென்றது. ஆகவே கொரியச் சிறுகதையில் 'அவன்' என்று படிக்கும் இடமெல்லாம், மூலத்தில் தொலைவில் நிற்கும் அவன் இல்லை. எழுதியவரும் படிப்பவரும் ஏற்கெனவே அறிந்து பகிர்ந்துகொண்ட உவன் இருக்கிறான். பெண்பாலுக்கு ஜப்பானியச் சாயலில் வார்த்த 'குந்யொ' ஏட்டில் மட்டும் வாழ்கிறது. வீட்டுப் பேச்சில் எவரும் அதைத் தேடுவதில்லை.

காணாததற்கு 'ஜொ' இல்லை என்ற விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. கொரியர் இவ்வுலக வாழ்வை 'இசுங்' என்பர். இறந்தோர் உலகை 'ஜொசுங்' என்பர். இப்பிறவி, அப்பிறவி என்பதே சொற்களின் மூலம். யாரும் கண்டிராத அவ்வுலகுக்கு, கண்ணுக்குத் தெரியும் தொலைவின் சுட்டு வழங்கப்பட்டிருக்கிறது. ஆற்றின் மறுகரையை இருவர் நின்று பார்ப்பது போல. தமிழ் இவ்விடத்தில் இன்னொரு படி சென்றிருக்கிறது. இம்மை, அம்மை என்பவற்றோடு உம்மை என்றும் ஒன்று வைத்து, சிலப்பதிகாரத்தில் முற்பிறவியை அதனால் குறித்தது.

கவிஞர்களுக்கு உரிய செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. கிம் சோவொல் (1902–1934) 1925இல் 'அசேலியா மலர்கள்' என்னும் ஒரே தொகுதியை வெளியிட்டார். அதில் 'சன்யுஹ்வா' என்று மலைப்பூக்களைப் பற்றிய சிறு கவிதை இடம்பெற்றுள்ளது. பூக்கள் மலையில் மலர்கின்றன, உதிர்கின்றன. அவை தனியே மலரும் இடத்தைக் கவிஞர் 'ஜொமன்ச்சி' என்ற ஒரு சொல்லால் குறிக்கிறார். 'ஜொ'வோடு அளவைக் குறிக்கும் ஈறு சேர்ந்த, அன்றாடம் வழங்கும் எளிய சொல். 1940களின் இறுதியில் புனைகதையாளர் கிம் தோங்-ரி, பச்சை மலைக்கும் கவிஞருக்கும் உள்ள தொலைவைத் தலைப்பாகவே வைத்து ஒரு கட்டுரை எழுதி, கவிதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் தங்கியிருக்கிறது என்றார். மனிதன் இயற்கையைக் காண முடிகிறது, சேர முடியவில்லை; அந்த இடைவெளியே 'ஜொமன்ச்சி' என்பது அவர் துணிபு. பின்வந்த திறனாய்வாளருள் சிலர் அது தொலைவைச் சொல்லவில்லை, பூ மலர்ந்திருக்கும் நிலையைச் சொல்கிறது என்றனர். பூவுக்கும் பூவுக்கும் இடையிலான தனிமை என்றோரும் உண்டு. வழக்கு முடியவில்லை.

2024இல் ஹான் காங் நோபல் பரிசு பெற்றபின் கொரிய இலக்கியத்தின்மேல் தமிழ் வாசகரின் ஆவல் பெருகியிருக்கிறது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும் எந்தக் கொரிய வரியிலும் 'கு'வும் 'ஜொ'வும் வழியிலேயே ஒன்றாகிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு இரண்டு சுட்டுகளே உண்டு. கொரியத்திலிருந்து நேரே மொழிபெயர்க்க முனைபவருக்குத் தமிழில் மூன்றும் கிடைக்கும். 'ஜொ'வுக்கு வெறும் 'அது' போதாது. கண்ணெதிரே காட்டும் 'அதோ' ஏறக்குறைய நெருங்கும். 'கு'வுக்கு 'உது' மிகச் சரியாகப் பொருந்தும். ஆனால் அச்சில் அதைக் கண்டதும் தஞ்சாவூர் வாசகர் அச்சுப்பிழை என்று எண்ணுவார்; யாழ்ப்பாணத்து வாசகர் தம் தாயின் குரலைக் கேட்பார்.