முன்னறிய முடியுமா?

நான் மருத்துவன் அல்லன்; கணக்கு ஆசிரியன். ஆயினும் மனநோய் மருத்துவமனை ஒன்றிலே எழுந்த ஒரு கணக்கைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கென ஒரு மருத்துவமனை உண்டு. அதன் மனநோய்ப் பிரிவில் சேர்ந்தவர்களுள் எவர் பின்னாளில் தற்கொலை செய்துகொள்வார் என்பதை முன்கூட்டியே அறியக்கூடுமா என்று ஆராய்ந்தார் அலெக்ஸ் போகார்னி என்னும் மருத்துவர். 4,800 நோயாளிகளைப் பல அளவுகோல்களால் மதிப்பிட்டு, ஐந்தாண்டுகள் கவனித்து, 1983இல் முடிவை வெளியிட்டார். 67 பேர் தற்கொலையால் மாண்டிருந்தனர். எந்த முறையிலும் அவர்களுள் பலர் அகப்படவில்லை. ஆபத்துடையவர் என்று குறிக்கப்பட்டவர்களிலோ மிகப் பெரும்பாலோர் தற்கொலை செய்துகொள்ளவே இல்லை.

ஏன்? மாணவர்களே, தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் நோயாளிகளில் 14 பேருக்கு ஆபத்து என்று கொள்வோம். பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது என்றும் கொள்வோம். (அத்துணை நல்ல சோதனை இல்லை; கணக்கிற்காகச் சொல்கிறேன்.) அது 13 பேரைக் காட்டிவிடும். ஆனால் மற்ற 986 பேரில் 99 பேரைத் தவறாகவும் காட்டும். அந்த 112 பேரில் உண்மையான 13 பேர் எவர் எவர்? தெரியாது. காட்டப்படாமல் விடுபட்ட ஒருவரையோ கவலையின்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். அந்த ஒருவரை எண்ணும்போதுதான் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

தம்மைத் தாமே ஊறுபடுத்திக்கொண்டு வருவோர் திறத்தில், இத்தகைய மதிப்பெண்களால் வருங்காலத்தைக் கணிக்க வேண்டா என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பும் 2022இல் அறிவுறுத்தியது.

அப்படியானால் மருத்துவர் செய்யத்தக்கது யாது? அருகில் அமர்ந்து, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா என்று நேராகவே கேட்பது. வீட்டில் யார் உளர், எது அவரை வாழ்வோடு பிணைத்திருக்கிறது என்று அறிவது. கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் நம்மிடையே உண்டு. ஆராய்ச்சிகள் அதற்கு ஆதாரம் காணவில்லை. மருத்துவமனையை விட்டு வீடு திரும்பிய முதற் சில வாரங்களே மிகவும் கவனிக்க வேண்டிய காலம்.

சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்னும் மருத்துவர் வேறொரு வழி கண்டார். மருத்துவமனையிலிருந்து வெளிவந்து, மேற்கொண்டு சிகிச்சையைத் தொடராத 843 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினருக்கு மட்டும் ஐந்தாண்டுகள் கடிதம் எழுதச் செய்தார். முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்களிடையே தற்கொலை குறைந்திருந்தது. பின்னர்ப் பிறர் செய்த சோதனைகள் அனைத்தும் இதே பயனைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்கடிதங்களில் இருந்தவை நலம் விசாரிக்கும் சில வரிகளே. எவருக்கு ஆபத்து மிகுதி என்று பிரித்துப் பாராமல், அக்கூற்றினர் எல்லோருக்கும் அவை சென்றன.