மழை எல்லோருக்கும் பொதுவா?



நினைவுச் சொற்பொழிவுக்கு ஏன் பருவகாலங்களை எடுத்துக்கொண்டோம் என்று சிலர் கேட்டார்கள். மழை சாதி பார்ப்பதில்லை என்று நம் நாட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான், மழை பார்ப்பதில்லை. அது விழுகிற நிலம் சாதியால் பங்கிடப்பட்டிருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தது. வானிலைத் துறை நான்காகப் பிரிக்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. நம் சேரியில் வயதானவர்களைக் கேளுங்கள், வேலை இருக்கும் காலம், வேலை இல்லாத காலம் என்று இரண்டே பருவம் சொல்வார்கள். காவிரிப் படுகையில் சம்பா நடவும் களையெடுப்பும் முடிந்தால், தை அறுவடை வரை கூலிக்கு வழியில்லை. மழை கொட்டுவதும் அந்த நாட்களில்தான். அடுப்பு நனைவதும் அரிசிப்பானை காலியாவதும் ஒன்றாக நடக்கும்.

மார்கழியை ஊர் கோலத்தோடும் பாசுரத்தோடும் நினைக்கிறது. நாம் வெண்மணியோடு நினைக்கிறோம். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அறுவடை நெருங்கும்போதுதான் உழைப்பவரின் கை ஓங்கும். அதனால்தான் பண்ணையாரின் கோபமும் பருவம் பார்த்து வருகிறது.

2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுவர் இடிந்து தலித் மக்கள் 17 பேர் உறக்கத்திலேயே இறந்தார்கள். சுவரை இடித்தது மழை. அதை அவ்வளவு உயரமாக, நம் வீடுகளை ஒட்டி எழுப்பியது மழையா? "இயற்கைச் சீற்றம்" என்ற சொல் எத்தனை குற்றங்களுக்குக் குடை பிடிக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்தபோது, சாய்ந்த தென்னைகளை எண்ணினார்கள். எண்ண வேண்டியதுதான். அந்தத் தோப்பில் மட்டை பொறுக்கிக் கீற்று முடைந்த பெண் இழந்த வேலைநாட்களை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? இழப்பை அளக்கும் கோல் நிலமாகவும் மரமாகவும் இருக்கும்வரை, நிலமில்லாதவருக்கு இழப்பே இல்லை என்றாகிவிடுகிறது.

ஆகவே பருவமழையைப் பற்றிய நம் பேச்சு நிவாரணத்தோடு நிற்கக் கூடாது. 1892-இல் ஆங்கிலேய அரசு ஒதுக்க முடிவு செய்த பஞ்சமி நிலம் திரும்ப வர வேண்டும். மனைப்பட்டா தருகிறவர்கள் மேட்டு நிலத்தில் தர வேண்டும். மழையால் போன கூலிநாளும் இழப்பீட்டுக் கணக்கில் ஏற வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. வரும் அக்டோபரில் உங்கள் ஊரின் வரைபடத்தை நீங்களே வரையுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது, அடைத்த சாக்கடையில் யாரை இறக்குகிறார்கள், எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தேதியோடு குறியுங்கள். கிராமசபையில் அதை எடுத்து வையுங்கள். யார் நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ, அவருக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுவே.