கரிக்கணக்கும் கடன் கணக்கும்



இன்று இக்கூட்டத்தில் பேசும்படி நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், உலக நாடுகள் ஒன்றுகூடிக் கரியமில வாயுவைக் குறைப்பது பற்றியதாகும். "இது ராஜாங்கம் நடத்துகிறவர்களின் வேலையல்லவா, ஏர் பிடிக்கிறவனுக்கும் தறி நெய்கிறவனுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். மழை தப்பினால் முதலில் பட்டினி கிடப்பவன் யார் என்று யோசித்துப் பார்த்தால், இதில் சம்பந்தப்பட்டவன் யார் என்பது தானாகவே விளங்கும்.

முதலாவது விஷயத்தைத் தெரிந்துகொள்ளுவோம். நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு இவைகளை எரித்தால் கரியமில வாயு உண்டாகிறது. பூமி வெளிவிடும் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே போகவொட்டாமல் தடுக்கிறது. இது நேற்று யாரோ கட்டிவிட்ட கதையல்ல. 1859-ல் டிண்டால் என்பவர் இதைப் பரீட்சை செய்து காட்டினார். இவ்வாயு இரட்டித்தால் பூமியின் சூடு எவ்வளவு ஏறும் என்று 1896-ல் ஸ்வீடன் தேசத்து அரேனியஸ் கணக்கே போட்டுவிட்டார். 1958 முதல் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலைமேல் இதை அளந்து வருகிறார்கள். அன்று பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்காக இருந்தது, இன்று 420 பங்குக்கும் மேலாகிவிட்டது. நாம் சொல்லுகிறோம் என்று நம்ப வேண்டியதில்லை. அளவுகோல் இருக்கிறது, யாரும் அளந்து பார்க்கலாம்.

இதற்குப் பரிகாரமாகக் "கரிச் சமநிலை" என்று ஒன்று பேசுகிறார்கள். அதாவது, மனிதன் வெளிவிடும் வாயுவும், காடு வளர்ப்பது முதலிய வழிகளால் அவன் திரும்ப ஒடுக்கும் வாயுவும் வரவு செலவு போலச் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதாம். 2050-க்குள் இதைச் செய்வதாக பிரிட்டன் 2019-ல் சட்டமே செய்தது. 2060 என்று சீனா 2020-லும், 2070 என்று இந்தியா 2021-லும் சொல்லின. தேதி வைத்தது சரிதான். ஆனால் 2070-ல் கணக்குக் கேட்கப் போனால், வாக்குக் கொடுத்தவர்களில் பதில் சொல்ல மிஞ்சியிருப்பவர் யார்? வருஷா வருஷம் கணக்குக் காட்டாத வாக்குறுதிக்கும், தலைமுறை கழித்துத் தீர்ப்பதாகச் சொல்லும் நேர்த்திக்கடனுக்கும் என்ன வித்தியாசம் இருக்கிறது?

தோழர்களே! வாயுவுக்கு எல்லைக்கல் கிடையாது. எந்த நாட்டில் எரித்தாலும் அது எல்லோர் தலைமேலும் கவிகிறது. ஆகவே எல்லோரும் சேர்ந்துதான் குறைக்க வேண்டும். ஆனால் எல்லோரும் ஒரே அளவு எரித்தார்களா? இதுவரை சேர்ந்திருப்பதில் மிகப்பெரிய பங்கு அமெரிக்காவினுடையது. இன்றைக்கும் ஓர் அமெரிக்கன் தலைக்கு வருஷத்துக்குச் சுமார் 14 டன், ஓர் இந்தியன் தலைக்குச் சுமார் 2 டன். இதனால்தான் 1992-ல் ரியோ நகரத்தில் கூடியபோது, "பொறுப்பு எல்லோருக்கும் பொது, அளவு மாத்திரம் வேறு" என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்புக்கொண்டவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்? 2015-ல் ஏற்பட்ட பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டு அமெரிக்கா 2020-ல் விலகிற்று, 2021-ல் திரும்பிற்று, 2025 ஜனவரியில் மறுபடியும் விலக உத்தரவு போட்டது. ஒப்பந்தமா, சத்திரத்துத் திண்ணையா என்று கேட்கிறோம். ஏழை நாடுகளுக்கு 2020-க்குள் வருஷத்துக்குப் பதினாயிரம் கோடி டாலர் சேர்த்துத் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009-ல் கோபன்ஹேகனில் சொல்லின. அவர்களுடைய சொந்தக் கணக்குப்படியே அந்தத் தொகை 2022-ல்தான் எட்டியது. அதிலும் சர்க்கார் வழியாக வந்ததில் பெரும்பகுதி கடன்.

கடன் என்றால் என்ன என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அந்நாட்டு மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிலக்கரியால் உண்டாவது. 2021-ல் பிரிட்டன், பிரான்சு, ஜர்மனி, அமெரிக்கா, ஐரோப்பிய யூனியன் ஆகியவை சேர்ந்து, அதை மாற்ற 850 கோடி டாலர் தருவதாகச் சொல்லின. பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்தன. விவரம் வெளியானபோது, அதில் திருப்பிக் கொடுக்க வேண்டாததாக வந்தது நூற்றுக்குச் சுமார் நாலுதான். மற்றவை பெரும்பாலும் கடனும் ஜாமீனும். 2025-ல் அமெரிக்கா அந்த ஏற்பாட்டை விட்டும் போய்விட்டது.

அங்கே கோமாட்டி என்ற மின்சார நிலையம் ஒன்று உண்டு. அது 1961-ல் ஓட ஆரம்பித்தபோது ஆட்சி வெள்ளையருடையது. கறுப்பர் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சார வெளிச்சம் எட்டவில்லை. 2022 அக்டோபர் 31-ல் அது நிறுத்தப்பட்டது. அவ்விடத்தில் சூரிய சக்தி, காற்றாலை, மின்கலம் வைக்க 49 கோடியே 70 லட்சம் டாலருக்கு உலக பாங்கு ஏற்பாடு செய்தது. அதில் இனாம் ஒரு கோடி டாலர், மற்றதெல்லாம் கடன். மாற்று வேலை தயாராவதற்கு முன்பே நிலையம் நின்றதால் ஒப்பந்தக் கூலிகளும் சிறு கடைக்காரர்களும் தவித்தார்கள். வெளிச்சம் எட்டாதவனுடைய மக்கள், அதை அணைத்ததற்கு வட்டி கட்டுவதா? இதற்குப் பெயர் உதவியா, லேவாதேவியா?

"கடனானாலும் குறைந்த வட்டிதானே?" என்று கேட்கலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிலக்கரி நிலையத்துக்கு வாழ்நாள் முழுவதும் கரி வாங்க வேண்டும். சூரியனுக்கு விலை கிடையாது, ஆனால் தகடு வாங்கி நாட்டும் செலவு முழுவதும் முதல் நாளே வந்துவிடுகிறது. ஆகவே சூரிய மின்சாரத்தின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வட்டியேயாகும். வெயில் குறைந்த ஜர்மனி மலிவான வட்டிக்கு வாங்கித் தகடு போடுகிறது. வெயில் கொளுத்தும் ஆப்பிரிக்காவோ அதிக வட்டிக்குப் பயந்து நிற்கிறது. அங்கே குறைவு வெயிலல்ல, நாணயமான பங்காளிகளே.

"உலகம் ஒன்றுசேர்ந்து எதையும் சாதிக்காது" என்று சோர்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆகாயத்தில் ஓசோன் என்ற படலம் கெடுவதைத் தடுக்க 1987-ல் மாண்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் செய்தார்கள். பணம் யார் கொடுப்பது என்று தெரியாமல் கையெழுத்துப் போட இந்தியாவும் சீனாவும் மறுத்தன. 1990-ல் லண்டனில் கூடி, ஏழை நாடுகளுக்கு மாற்றும் செலவைத் தரப் பொதுநிதி ஒன்று ஏற்படுத்தினார்கள். அதைப் பெரும்பாலும் கடனாக அல்லாமல் கொடையாகவே தந்தார்கள். சீனா 1991-லும் இந்தியா 1992-லும் சேர்ந்தன. பணக்கார நாடுகளுக்கு 1996, ஏழை நாடுகளுக்கு 2010 என்று வேறு வேறு கெடு வைத்தார்கள். சேராத நாட்டோடு அச்சரக்கில் வியாபாரம் இல்லையென்றார்கள். 2009-ல் ஐக்கிய நாடுகள் சபையிலுள்ள எல்லா நாடுகளும் அதில் சேர்ந்துவிட்டன. நிலக்கரி அதைவிடப் பெரிய காரியம்தான். வழி மாத்திரம் அதுவேயாகும்.

இதனால் சீனாவையும் இந்தியாவையும் நாம் சும்மா விடவில்லை. இன்று வருஷத்துக்கு அதிக வாயு விடும் நாடு சீனாவே. இந்தியாவும் முன்வரிசையில் நிற்கிறது. மேலும், குடிசைக்காரன் இரண்டு டன்கூட விடாதிருக்க, மாளிகைக்காரன் அவன் தலைக்கணக்கில் ஒளிந்துகொள்ளுவது யோக்கியமாகாது. வெளிநாட்டாரிடம் நியாயம் கேட்கிறவன் தன் வீட்டிலும் நியாயம் செய்ய வேண்டும்.

ஆகவே தோழர்களே! நாம் கேட்பது பிச்சையல்ல, பங்கு. அதிகம் எரித்தவன் அதிகம் கொடுக்கட்டும், அதைக் கடனாக அல்லாமல் கொடுக்கட்டும். ஒவ்வொரு நாடும் வருஷா வருஷம் கணக்குக் காட்டட்டும். நிலையத்தை மூடுமுன் கூலிக்காரனுக்கு வேறு வேலை காட்டட்டும். இம்மூன்றும் இல்லாத உலக ஒற்றுமை வெறும் விருந்தும் போட்டோவுமேயாகும். நாம் சொன்னதை அப்படியே ஏற்காமல், உங்கள் புத்தியைக் கொண்டு நிறுத்துப் பாருங்கள். சரியென்று பட்டால், ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.